வலது பக்கம் காலியாக இருந்த தாள்

வெளிநாட்டில் இருப்பவன் பயணக் கட்டுரை எழுதினால் வெளிநாட்டைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைப்பார்கள். நான் மஸ்கட்டில் பதினான்கு வருஷமாகப் பரோட்டா மாஸ்டர். எனக்குத் தெரிந்த மஸ்கட், படுக்கிற அறையும் அடுப்படியும் இரண்டுக்கும் நடுவே ஓடுகிற ஒரு வேனும்தான். அதில் எழுத ஒன்றுமில்லை. நான் எழுதுவது, லீவில் வந்த இடத்தில் வில்லியனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கிய சில நாட்களைப் பற்றி. விமானத்தில்கூட நான் இத்தனை பயந்ததில்லை.

என் மனைவி ஸ்டெல்லா, ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். பள்ளிக்கூடங்களில் ரிசோர்ஸ் பர்சன் என்பார்கள். பிள்ளைகளுக்கு அவள் டீச்சர் இல்லை. டீச்சர்களுக்கும் அவள் அதிகாரி இல்லை. ஒரு அறக்கட்டளை வருஷா வருஷம் ஒப்பந்தம் போட்டு அனுப்பும். ஸ்கூட்டரில் சார்ட் பேப்பர் சுருளைக் குறுக்கே வைத்துக்கொண்டு பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு என்று மூன்று கொம்யூன் பஞ்சாயத்தையும் சுற்றுவாள். வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் பாடம் நடத்துவதைப் பார்ப்பாள், எழுதுவாள், பிறகு அந்த டீச்சரோடு உட்கார்ந்து பேசுவாள். போனில் அவள் சொல்லி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். அவள் எம்.ஏ., நான் எட்டாவது. இன்னும் கேட்டால் புரியாமல் போய்விடுமோ என்று கேட்காமலே இருந்துவிட்டேன்.

இரண்டு மாசத்துக்கு முன்னால், ஒரு காலை ஸ்கூட்டர் சாவியை எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "அப்புறம்." தண்ணீர் வேண்டும் என்றாலும் அப்புறம்தான், வலிக்கிறது என்றாலும் அப்புறம்தான். இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடுவது உண்டு என்றார் டாக்டர்.

எனக்கு லீவு கிடைக்கவே ஐந்து வாரம் ஆனது. நான் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். என் அக்கா பிலோமினா கூட இருந்து பார்த்துக்கொண்டாள். வந்த மறுநாளே ஸ்டெல்லா இடது கையால் தன் தோள்பையைக் காட்டினாள். உள்ளே மூன்று பழுப்புக் கவர். ஒவ்வொன்றின் மேலும் ஒரு டீச்சர் பெயர், ஒரு பள்ளிக்கூடம். கவரைத் தொட்டாள், என்னைத் தொட்டாள், வாசலைக் காட்டினாள்.

"நேர்ல எதுக்குடா போவணும்? போட்டோ புடிச்சி வாட்சப்புல அனுப்பிடேன்" என்றாள் அக்கா. ஸ்டெல்லா தலையை ஆட்டிய வேகத்தில் தலையணை நழுவியது. நேரில் போனால்தான் மரியாதை என்று நினைக்கிறாள் போல என்று நான் எடுத்துக்கொண்டேன். அங்கேயே தப்பு ஆரம்பித்துவிட்டது.

திங்கட்கிழமை பாகூர். மூன்று கவரையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைத் துணிப்பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டேன். ஏப்ரல் வெயில், மழைக்கு வாய்ப்பே இல்லை, இருந்தும் குடை எடுத்துக்கொண்டேன். கண்டக்டரிடம் பாகூர் போகுமா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவை, "அண்ணே, பாகூர் எங்கயும் ஓடிப்போவாது, நீ உக்காரு" என்றார்.

மஸ்கட் பஸ்ஸில் ஏ.சி. உண்டு, பேச்சு கிடையாது. இங்கே ஏ.சி. கிடையாது. ஸ்பீக்கரில் பாட்டு, அதற்கு மேலே மனுஷர்கள். கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு மீன்காரம்மா கூடையோடு ஏறினார். கால்சட்டை போட்ட ஒருவர் ஒதுங்க இடமில்லாமல் நெளிந்தார்.

"அந்தாண்ட நவுருப்பா. மீன் தண்ணி பட்டுச்சின்னா ஆபீசுல பூனை வந்து ஒன் மடியில குந்திக்கும்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

இந்தப் பக்கத்தில் பயணம் செய்கிறவன் எந்த ஊர் எந்த மாநிலம் என்று கணக்கு வைத்திருக்க முடியாது. புதுச்சேரியில் ஏறுவோம், நடுவில் தமிழ்நாடு வரும், கண் மூடித் திறந்தால் மறுபடி புதுச்சேரி. சாராயக்கடை போர்டு தெரிந்தால் நம்ம ஊர். மஸ்கட் ஏர்போர்ட்டில் ஒரு கோட்டைத் தாண்ட இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன். இங்கே பஸ் அரை மணியில் நாலு கோட்டைத் தாண்டும், யாரும் சட்டைசெய்வதில்லை.

பாகூரில் முதல் கவருக்கு உரியவர் கலியமூர்த்தி சார். ஐந்தாம் வகுப்பு. வாசலில் என்னைப் பார்த்து, யார் என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கவரை நீட்டினேன். அங்கே பிரிக்கவில்லை. சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, "வாங்க, டீ சாப்டலாம்" என்று வெளியே கூட்டிப்போனார். டீக்கடையில் கடைசி மேசையில் உட்கார்ந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் பிரித்தார். டீ குடிக்கத்தான் வந்தார் என்று நான் நினைத்தேன்.

படிக்கப் படிக்கச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"மொதல்ல வந்தப்ப நான் அவங்கள இன்னா கேட்டேன் தெரியுமா? ஒனக்கு எத்தினி வருஷம் சர்வீஸ்மான்னேன். நாலுன்னாங்க. எனக்கு இருவத்திரெண்டு, நீ வந்து எனக்குச் சொல்லிக்குடுக்கப்போறியான்னு எல்லார் எதிர்லயும் கேட்டுட்டேன். கோவமே படல சார். ரெண்டு நாளு என் கிளாஸ்ல கடைசி பெஞ்சில குந்திக்கினு இருந்தாங்க. அப்பறம் கூப்புட்டு, இத ஏன் சார் இப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டாங்க. நான் ஒன்னு சொன்னேன். அப்புறம்?னாங்க. இன்னொன்னு சொன்னேன். அப்புறம்?னாங்க. நல்லாக் கீது, நல்லால்லன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. கேட்டுக் கேட்டே, என் தப்ப என் வாயாலயே எடுத்துட்டாங்க."

 அந்தச் சொல் மிஞ்சியதற்குக் காரணம் டாக்டருக்குத் தெரியுமோ தெரியாதோ, கலியமூர்த்தி சாருக்குத் தெரிந்திருந்தது.

பாகூரில் மீன் குழம்புச் சாப்பாடு நன்றாக இருந்தது. பரோட்டாவும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மாவு ஊறவில்லை. தொழில் புத்தி.

சாயங்காலம் எல்லாவற்றையும் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "அப்புறம்?" என்றாள். மீன்காரம்மாவைச் சொன்னேன். வாயின் இடது ஓரம் சிரித்தது.

செவ்வாய்க்கிழமை போன ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. மண்ணாடிப்பட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவாண்டார்கோயில் வரைக்கும் பஸ்ஸில் கம்பெனி வேலைக்குப் போகிற வடநாட்டு இளைஞர்கள் இருவர் என் முன்னால் நின்று இந்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள். மஸ்கட் அடுப்படியில் கற்ற இந்தி எனக்கு இங்கே காது கொடுத்தது. "உன் ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறதா?" என்று ஒருவன் கேட்டான். "இருக்கிறது. ஐந்து வருஷம் போனேன். என் பெயரை வாத்தியார் ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை" என்றான் மற்றவன். இருவரும் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. அதற்கு முந்தின நாளே எங்களில் ஆறு பேரை எழுப்பி நிறுத்தி, "நீங்க நாளைக்கு வர வேணாம், நாளன்னிக்கு வந்தாப் போதும்" என்றார்கள். அதிகாரி கேள்வி கேட்டால் எங்களுக்குப் பதில் தெரியாது, பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பெயர். ஐந்து பேர் மூன்றாம் நாள் போனார்கள். நான் போகவில்லை. அன்றிலிருந்து எந்தப் பள்ளிக்கூட வாசலைக் கண்டாலும் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடுவேன்.

அந்த ஊரில் இறங்கியும் கேட்டுக்கு எதிர்ப்பக்கமே கொஞ்ச நேரம் நின்றேன். வழியில் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் கரும்புத் தோட்டத்து ஓரம் நின்றதில் நேரமாகிவிட்டது. பாடவேளை நடந்துகொண்டிருந்தது. கேட்டைத் திறந்தேன். ஒரு அம்மா நேராக ஹெச்.எம். அறையைக் காட்டினார்.

ஹெச்.எம். எழுந்து நின்றார். என்னைப் பார்த்து ஒரு தலைமையாசிரியர் எழுந்து நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"ஸ்டெல்லா மேடம் வீட்டுக்காரரா? உக்காருங்க சார், உக்காருங்க. கேள்விப்பட்டு மனசே சரியில்ல. இப்ப எப்படிக் கீறாங்க?"

கை வைத்த நாற்காலி. தலைக்கு மேல் ஃபேன். காபி வந்தது. நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டேன்.

"சுகந்தி டீச்சருக்கு ஒரு கவர் குடுக்கணும் சார்."

"அவங்க கிளாஸ்ல இருக்காங்க. குடுங்க, நான் சேத்துடறேன்."

என் கை கொடுத்துவிட்டது. யோசிக்கவே இல்லை. ஹெச்.எம். கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. நானே போய் வகுப்பில் கொடுத்தால் அவரை மதிக்காத மாதிரி ஆகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

அவர் ஸ்கேலால் கவரைக் கிழித்தார். படித்தார். மணியடித்து ஆளனுப்பினார். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும், ஒரு பெண் புடவைத் தலைப்பில் சாக்பீஸ் தூளோடு வந்து நின்றாள். அவள்தான் சுகந்தி. ஒப்பந்தத்தில் சேர்ந்து முதல் வருஷம்.

"சாருக்கு இங்கிலீஷ் வராது, அவருக்கும் புரியட்டும்" என்று சொல்லி, ஹெச்.எம். அதைத் தமிழில் மாற்றிப் படித்தார். என்மேல் உள்ள மரியாதையில்தான் அப்படிச் செய்தார்.

"பாடம் முழுவதும் தமிழில் நடந்தது. ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம். பின்வரிசையில் ஒரு சிறுமி தூங்கினாள். ஆசிரியை எழுப்பவில்லை. எல்லாக் கேள்விக்கும் முதல் இரண்டு பெஞ்சுப் பிள்ளைகளே பதில் சொன்னார்கள்." தாளைத் திருப்பிப் பார்த்தார். "இன்னா டீச்சர் இது? பாடத்திட்டம் மாறி எல்லாரும் தவிச்சிக்கினு இருக்கோம். நீங்க இங்கிலீஷ் கிளாஸ்ல தாலாட்டு பாடறீங்களா?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். சுகந்தி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. அடுத்தவன் காலைத் தெரியாமல் மிதித்தவனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

நான் காபியைக் குடித்து முடித்தேன். குடிக்காமல் வைத்தால் தப்பாக நினைப்பார்களே என்று.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒரு கவர்தானே மிச்சம் என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன். டீச்சர் கையிலேயே கொடுத்துவிட்டேன் என்றேன். நான் பார்த்த ஏதோ ஒன்று எனக்குள் உறுத்தியது, ஆனால் அது என்னவென்று அப்போது தெரியவில்லை. தெரியாமலே பொய் சொன்னேன். "அப்புறம்?" என்றாள். டயர் பஞ்சரைச் சொன்னேன்.

புதன்கிழமை காட்டேரிக்குப்பம். மூன்றாவது கவர் விஜயா டீச்சருக்கு. பஸ் தவறிவிடும் என்று ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றேன். வண்டியில் கூழ் விற்கிற அம்மாவிடம் கம்பங்கூழ் வாங்கிக் குடித்தேன், கூடவே மோர்மிளகாய். மஸ்கட்டில் பதினான்கு வருஷம் இதை நினைத்திருக்கிறேன். அன்று இறங்கவில்லை.

விஜயா டீச்சரும் கவரை உடனே பிரிக்கவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் கேட்டேன்.

"ஏன் டீச்சர், யாருமே உடனே பிரிக்க மாட்டேன்றீங்க?"

"எல்லார் எதிர்லயும் எப்படிங்க பிரிக்கறது? இது எங்களுக்கும் மேடத்துக்கும் நடுவுல. ஹெச்.எம். கண்ணுல கூடக் காட்ட மாட்டாங்க. ஒரு தடவ பெரிய அதிகாரியே கேட்டாரு. இது டீச்சரோடது சார், டீச்சர்கிட்டக் கேளுங்கன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு அடுத்த வருஷம் ஒப்பந்தம் போடறதுல அவங்களுக்கு எவ்ளோ இழுத்தடிச்சாங்க தெரியுமா?"

எனக்குத் தெரியாது. போனில் சொன்னதில்லை.

டீச்சர் தாளை எடுத்து எனக்குக் காட்டினார். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ஸ்டெல்லாவின் எழுத்து. வலது பக்கம் காலி.

"இடது பக்கம் அவங்க பாத்தது. வலது பக்கம் நாங்க எழுதறது. ஏன் அப்படிச் செஞ்சோம்னு உக்காந்து பேசி, எங்க கையால எழுதணும். ரெண்டு பக்கமும் ரொம்பினாத்தான் கையெழுத்துப் போடுவாங்க. அதுவரிக்கும் இது பாதிப் பேச்சு. அவங்க வராம இத நான் இன்னா எழுதறது, சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை என்னை உறுத்தியது எது என்று அப்போது தெரிந்தது. ஹெச்.எம். தாளைத் தூக்கிப் படிக்கும்போது பாதித் தாள் வெள்ளையாக இருந்தது.

சொன்னேன். விஜயா டீச்சர் தலையில் கை வைத்தார்.

"ஐயோ, ஹெச்.எம். கைலயா குடுத்தீங்க? சுகந்தி பாவங்க. இப்பதான் ஒப்பந்தம் புதுப்பிக்க யார் யார் பேரு அனுப்பலாம்னு எழுதற நேரம்."

திரும்பி வந்த பஸ்ஸில் எந்த ஊர் வந்தது, எந்த மாநிலம் வந்தது என்று நான் பார்க்கவில்லை. வில்லியனூரைத் தாண்டிப் போய் இறங்கி, வெயிலில் திரும்ப நடந்தேன். குடை கையிலேயே இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். இந்தத் தடவை நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன், என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் நூறு தடவை சொல்லிப் பார்த்ததை.

"சார், அது பாதித் தாளு. வலது பக்கம் டீச்சர் எழுதணும். எழுதினாத்தான் முழுசு. நான் தெரியாம உங்க கைல குடுத்துட்டேன். அத வெச்சி எதுவும் செய்யாதீங்க சார்."

அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு சொன்னார்: "சார், ஒங்க மேடம் பொய் எழுதுவாங்களா?"

"மாட்டாங்க சார்."

"அவங்க எழுதனத எப்படி சார் நான் பாக்காத மாதிரி இருக்க முடியும்? அஞ்சாங்கிளாஸ வேற ஆளுக்கு மாத்திட்டேன். சுகந்தி இப்ப லைப்ரரி பாத்துக்கறாங்க. பேரு அனுப்பற லிஸ்டும் அவங்க பேரு இல்லாம நேத்தே போய்டுச்சி. ஜெராக்ஸ் ஒன்னு ஃபைல்ல வெச்சிக்கினு, ஒரிஜினல அவங்ககிட்டயே குடுத்துட்டேன். நான் யாருக்கும் கெடுதல் செய்யல."

ஸ்டெல்லா பொய் எழுத மாட்டாள் என்று நான் சொன்ன ஒரு வார்த்தையே எதிராகப் போய்விட்டது. பொய் சொல்வாள் என்று எப்படிச் சொல்வேன்?

லைப்ரரி என்றது ஒரு பீரோவும் ஒரு பெஞ்சும். சுகந்தி புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. ஸ்டெல்லாவுக்குத் தினமும் எப்படி இருக்கும் என்று அந்த ஒரு நிமிஷம் எனக்குத் தெரிந்தது.

"வுடுங்க சார். நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றாள். பிறகு கேட்டாள், "மேடத்துக்குத் தெரியுமா?"

"இல்லமா."

"சொல்லாதீங்க."

வெள்ளிக்கிழமை எங்கும் போகவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை எனக்கு ஃபிளைட். பாஸ்போர்ட்டை ஏழு தடவை எடுத்துப் பார்த்தேன். அக்கா திட்டினாள். "அது இன்னா குட்டி போடப்போவுதா? உள்ள வைடா."

சனிக்கிழமை காலை ஸ்டெல்லாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைக்காமலே சொல்லிவிட்டேன். ஹெச்.எம்., நாற்காலி, காபி, ஸ்கேல், லைப்ரரி. நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் அக்கா தலை வாரும்போது மட்டும் கண்ணீர் இடது பக்கமாக வழிந்தது. மிஞ்சியிருந்த ஒரே சொல்லையும் நான் எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வருகிறேன், வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. உள்ளே சுகந்தி. மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். அக்கா சுடச்சுட இட்லி வைத்திருந்தாள். தட்டு அப்படியே இருந்தது. சுகந்தி கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கட்டிலில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், நான் எழுதணும்ல. நீங்க இல்லாம எப்படி எழுதறது? அதான் வந்தேன்."

ஸ்டெல்லா முகத்தைத் திருப்பினாள். தாளைப் பார்த்தாள். சுகந்தியைப் பார்த்தாள். இடது கையால் கட்டிலின் ஓரத்தைத் தட்டினாள், உட்கார் என்று. 

சுகந்தி முதல் வரியைத் தொட்டாள்.

"தமிழ்லயே நடத்தினேன் மேடம். புதுப் புத்தகத்துல பனி பெய்யற ஊர் கதை. பனின்னா இன்னான்னே புள்ளைங்களுக்குத் தெரியல. மொதல்ல கதைய மனசுல போட்டுட்டு அப்பறம் இங்கிலீஷுக்குப் போலாம்னு பாத்தேன்."

"அப்புறம்?" என்றாள் ஸ்டெல்லா.

சுகந்தியின் கை வாயைப் பொத்திக்கொண்டது. என்னைப் பார்த்தாள். "அதே மாதிரி கேக்கறாங்க சார்" என்றாள், சிரிப்பும் அழுகையுமாக. பிறகு தொடர்ந்தாள்.

"அடுத்த நாள் இங்கிலீஷ்ல நடத்தினேன் மேடம். புள்ளைங்க எழுந்து நின்னு நடிச்சிக் காட்டிச்சிங்க. பஞ்ச பிச்சிப் பிச்சித் தூவி ஒரே கூத்து. நீங்க பாத்திருக்கணும். அன்னிக்கு நீங்க வரல."

அவள் குனிந்து வலது பக்கத்தில் எழுதினாள். பிள்ளைகள் நடித்த அந்த நாள் காலையில்தான் ஸ்டெல்லா சாவியை எடுக்கக் குனிந்தாள்.

"தூங்கின இந்தப் பொண்ண எழுப்பல. அவங்கம்மா கம்பெனிக்கு விடியக்காலம் போய்டறாங்க. சோறாக்கி, தம்பிய ரெடி பண்ணி, எல்லாம் இதுதான் செய்யுது. என் கிளாஸ் ஒன்னுலதான் அது தூங்கும். பயமில்லாம தூங்குது மேடம். எப்படி எழுப்பறது?"

"அப்புறம்?"

"அப்பறம், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல தனியா சொல்லிக்குடுத்துடுவேன்."

எழுதினாள். ஒரு வரி மிச்சமிருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

"இதுக்கு இன்னா சொல்றதுன்னு பஸ் பூரா யோசிச்சிக்கினு வந்தேன் மேடம். நல்லதா ஒன்னு கெடைக்கும்னு பாத்தேன். கெடைக்கல. நீங்க கடைசி பெஞ்சில குந்திக்கினு இருந்தீங்களா, எனக்குப் பயம். தெரிஞ்ச புள்ளைங்களயே கேட்டேன். பின்னாடி கேட்டா அதுங்க முழிக்கும், எனக்கு இன்னா பேரு வரும்னு நெனச்சேன். அந்தப் புள்ளைங்க பக்கமே திரும்பல."

நான் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆறு பேரில் ஒருவன் தன் பின்னால் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அவள்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பயந்த ஒரு பெண்ணின் வேலையைப் பயந்த ஒருவன் போக்கிவிட்டான், அவ்வளவுதான்.

"அப்புறம்?" என்றாள் ஸ்டெல்லா. மெதுவாக.

"இனிமே அப்படிப் பண்ண மாட்டேன், பின்னாடியிலேந்துதான் ஆரம்பிப்பேன்னு எழுதணும் மேடம்." பேனா நின்றது. "எனக்குத்தான் இப்ப கிளாஸே இல்லியே."

ஸ்டெல்லா இரண்டு விரலால் தாளின் காலி இடத்தைத் தட்டினாள். எழுது. சுகந்தி எழுதினாள். கடைசி வார்த்தையில் மை கலங்கியது.

பிறகு ஸ்டெல்லா பேனாவுக்குக் கை நீட்டினாள். இடது கை. பேனா இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை அடியில் ஒரு கோணல் கோடு விழுந்தது, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கையெழுத்து என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது கையெழுத்து.

இந்தத் தாள் ஹெச்.எம். ஃபைலுக்குப் போகாது. போனாலும் லிஸ்ட் மாறாது. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஐந்தாம் வகுப்பில் வேறு யாரோ நிற்பார்கள். சுகந்தி திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறாளாம். இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே அக்காவிடம் சொன்னாள். ஸ்டெல்லாவின் அறக்கட்டளையும் வேறு ஆளைப் போடவில்லை. அந்தக் கடைசி பெஞ்சுகளில் இனி யாரும் உட்காரப்போவதில்லை.

சுகந்தி கிளம்ப எழுந்தாள். தாள் கட்டிலில் ஸ்டெல்லாவின் கைக்கு அடியில் இருந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று நான் கை நீட்டினேன்.

ஸ்டெல்லா என் கையைத் தள்ளிவிட்டாள். தாளை ஒற்றைக் கையால், நேரம் எடுத்து, இரண்டாக மடித்தாள். பிறகு நாலாக. சுகந்தியின் உள்ளங்கையைத் திருப்பி அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.